வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு! ரூம்லயே செய்யலாம் யூதர்களின் உருளைக்கிழங்கு அடை

வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். ஆட்டு வியாபாரம் விடியறதுக்குள்ள சூடுபிடிச்சிடும். கிருஷ்ணகிரி - ஓசூர் ஹைவேயில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இறங்குற நீங்க, கையோட ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு ரூமுக்கு வர்றீங்க. காரணம் சிம்பிள். விலை கட்டுப்படியாகும், சீக்கிரம் கெடாது, எதோட சேர்த்தாலும் ஒத்துப்போகும்.

ஆனா, ரூம்ல உருளையை மொறுமொறுன்னு பொரிக்க நினைச்ச எல்லோருக்கும் ஒரு சோகக்கதை இருக்கும். கடையில படக்குன்னு உடையுது. நம்ம கடாயில மட்டும் தொளதொளன்னு, எண்ணெய் குடிச்சுட்டு, தட்டுல படுத்துக்குது. அதே கிழங்கு, அதே எண்ணெய். அப்புறம் எங்க தப்பு?

விடை ஒரே வார்த்தைதான்: தண்ணீர். இதை வேற எதையும்விட தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பலகாரம் இருக்கு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ‘லாட்கே’. துருவிய உருளைக்கிழங்கில் தட்டி, எண்ணெயில் பொரிச்செடுக்கும் சின்னச் சின்ன அடை. ஒரு கடாய், ஒரு கேரட் துருவி, ஒரு சுத்தமான துணி இருந்தா போதும். இண்டக்‌ஷன் அடுப்பிலேயே முடிஞ்சிடும்.

லாட்கே எங்கேயிருந்து வந்தது?

‘லாட்கே’ என்பது இத்திஷ் மொழிச் சொல். போலந்து, லிதுவேனியா, உக்ரைன் பக்கம் வாழ்ந்த யூதர்கள் பேசிய மொழி அது. ‘ஹனுக்கா’ என்ற 8 நாள் விளக்குத் திருவிழாவில் இந்த அடை கட்டாயம் இருக்கும்.

கி.மு. 2-ம் நூற்றாண்டில், ஜெருசலேம் ஆலயத்தை கிரேக்க அரசின் பிடியிலிருந்து யூதர்கள் மீட்டார்கள். அங்கே விளக்கேற்ற ஒரு நாளுக்கான எண்ணெய்தான் இருந்தது, அது 8 நாள் எரிந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நினைவாகத்தான் எண்ணெயில் பொரித்த பலகாரம். நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் இந்தப் பண்டிகை வரும். நம்ம ஊர்ல கார்த்திகை தீபத்துக்கு அகல் ஏத்தி, பொரி உருண்டை பிடிக்கும் அதே குளிர்காலம்.

இதில் ஒரு சுவாரஸ்யம். பண்டிகைக்கு 2,000 வருஷத்துக்கு மேல வயசு. உருளைக்கிழங்கோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பயிர். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்கே வந்தது. அதுக்கு முன்னாடி பாலாடைக்கட்டியிலும், வேறு தானிய மாவுகளிலும் அடை தட்டினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் உருளை ஏழைகளின் சாப்பாடாகப் பரவிய பிறகுதான், பண்டிகைப் பலகாரமும் உருளைக்கு மாறியது. கையில எது மலிவா கிடைக்குதோ அதை வெச்சு பண்டிகை கொண்டாடினவங்க கண்டுபிடிச்ச ருசி இது.

இந்தியாவிலும் ஒரு யூத உருளை உண்டு!

இந்தியாவில் யூதர்கள் என்றதும் கொச்சி மட்டாஞ்சேரி ஞாபகம் வரும். அங்கே உள்ள பரதேசி யூத ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. நம்ம சென்னையிலும் 17-ம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் இருந்தார்கள். பவளம் கொண்டுவந்து, வைரம் வாங்கிப்போனவர்கள். ஜார்ஜ் டவுனில் இன்னும் பவளக்காரத் தெரு இருக்கிறது. ஆனால், இவர்களெல்லாம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இல்லை. அதனால் லாட்கே இவர்களின் வீட்டுப் பலகாரம் கிடையாது.

உருளையைக் கொண்டாடிய இந்திய யூதர்கள் கொல்கத்தாவில் இருந்தார்கள். சிரியாவின் அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹன் என்ற வணிகர் 1798-ல் கொல்கத்தா வந்தார். பின்னாடியே பாக்தாத் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் வந்து சேர்ந்தன. நியூ மார்க்கெட்டில் இருக்கும் ‘நஹூம்ஸ்’ பேக்கரி, 1902-ல் அந்தச் சமூகத்தினர் ஆரம்பித்ததுதான். அவர்களின் வெள்ளிக்கிழமை இரவு விருந்தில் ‘ஆலு மகல்லா’ இருக்கும். முழு உருளையைத் தோல் சீவி, நிதானமாக எண்ணெயில் பொரித்த ஐட்டம். ‘மகல்லா’ என்பது ‘பொரித்தது’ என்ற பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மேல்தோல் அவ்வளவு மொறுமொறுப்பு. முள்கரண்டியால் குத்தினால் தட்டைவிட்டு எகிறிப்போகும் என்று ‘குதிக்கும் உருளை’ன்னே பட்டப்பெயர் வெச்சிருந்தாங்க.

நம்ம பார்டர் சந்தையில் உருளைக்கு மூணு பேரு. தமிழில் உருளைக்கிழங்கு, கன்னடத்தில் ஆலூகட்டே, தெலுங்கில் பங்காளாதும்பா. தெலுங்குப் பேருக்கு ‘வங்காளக் கிழங்கு’ன்னு அர்த்தம். வங்காளத்து யூதர்களும் இதே கிழங்கைத்தான் பொரிச்சுட்டு இருந்தாங்க. அந்த ரெசிப்பியும் கடைசியில இருக்கு. முதல்ல லாட்கே.

மொறுமொறுப்பின் கணக்கு

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவிகிதம் தண்ணீர்தான். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும். அடையின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை, எண்ணெய் 180 டிகிரியில் கொதித்தாலும் அந்த மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் வர சுமார் 140 டிகிரிக்கு மேல் சூடு வேணும். ஆக, ஈரத்தோட போட்டா அது பொரியாது, எண்ணெயில் வேகும். கூடவே எண்ணெயின் சூட்டையும் இறக்கிவிடும். பொன்னிறம் வரட்டும்னு ரொம்ப நேரம் விட்டுவைப்பீங்க. அதுக்குள்ள அடை எண்ணெயைக் குடிச்சிடும்.

பிழிஞ்சு தண்ணியை எடுத்துட்டா, பாதி வேலை அடுப்பைப் பத்த வைக்கும் முன்னாடியே முடிஞ்சது.

கிழங்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* புதுக் கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. தோல் மெல்லிசா, நகத்தால் சுரண்டினாலே உரிஞ்சு வந்தா அது புதுசு. ‘அண்ணா, பழைய கிழங்கு இருக்கா?’ன்னு கேட்டே வாங்குங்க. தோல் கொஞ்சம் தடிப்பா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கணும்.
* கர்நாடகாவின் ஹாசன் பகுதியிலும், நம்ம தளி, தேன்கனிக்கோட்டை பக்கமும் உருளை விளையுது. கர்நாடகாவில் அதிகம் பயிராகும் ‘குஃப்ரி ஜோதி’ ரகம், சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-ல் வெளியிட்டது. லாட்கேவுக்கு இது தாராளமாகப் போதும். சிப்ஸுக்காகவே உருவாக்கிய ‘குஃப்ரி சிப்சோனா’ கிடைத்தால் இன்னும் சூப்பர்.
* பச்சை படிந்த கிழங்கை வாங்காதீங்க. வெளிச்சம் பட்டு பச்சையாகும் இடத்தில் ‘சோலனைன்’ என்ற நச்சுப்பொருள் கூடும். கொஞ்சமா இருந்தா ஆழமாக வெட்டி எறியுங்க. நிறைய இருந்தாலோ, கசந்தாலோ மொத்தமாகத் தூக்கிப் போடுங்க. பொரிச்சா சரியாகிடும்கிறது தப்பு.
* பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது உள்ளே வேகறதுக்குள்ள வெளியே கருகிடும். துணிப்பையில் போட்டு, இருட்டான மூலையில் வெச்சாலே போதும். வெங்காயத்தோட சேர்த்து வைக்க வேண்டாம்.

தேவையான பொருள்கள் (சுமார் 10 அடைகள், 2 அல்லது 3 பேருக்கு)

* உருளைக்கிழங்கு - 500 கிராம் (நடுத்தர அளவில் 4)
* பெரிய வெங்காயம் - 1
* முட்டை - 1
* அரிசி மாவு - 2 டேபிள்ஸ்பூன் (அல்லது ரஸ்க் பொடி 3 டேபிள்ஸ்பூன்)
* உப்பு - முக்கால் டீஸ்பூன்
* மிளகுத்தூள் - அரை டீஸ்பூன்
* கடலை எண்ணெய் - சுமார் 200 மில்லி

யூதர்கள் ‘மாட்ஸா’ என்ற புளிக்காத ரொட்டியின் தூளைச் சேர்ப்பார்கள். நம்ம ஊர்ல அதைத் தேடி அலைய வேண்டாம். அரிசி மாவு அந்த வேலையை நல்லாவே செய்யும்.

செய்முறை

1. கிழங்கைக் கழுவி, தோல் சீவி, துருவியின் பெரிய துளையில் துருவுங்க. ரொம்பப் பொடியாகத் துருவினா கூழாகிடும். நீள நீளமாக விழணும். அந்த இழைகளின் ஓரம்தான் முதல்ல மொறுமொறுப்பாகும்.

2. வெங்காயத்தையும் அதிலேயே துருவி, உடனே கலந்துடுங்க. துருவிய உருளை காற்று பட்டா கறுக்கும். வெங்காயச் சாறு அதைத் தாமதப்படுத்தும்.

3. எல்லாத்தையும் சுத்தமான இட்லித் துணி அல்லது மெல்லிய காட்டன் துண்டில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, ஒரு பாத்திரத்துக்கு மேல பிடிச்சு முறுக்கிப் பிழியுங்க. கை வலிச்சா ரூம்மேட்டை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்க. தண்ணி நின்னதும் 2 நிமிஷம் விட்டு, மறுபடியும் ஒருமுறை பிழியுங்க. இந்த ரெண்டாவது பிழியலைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

4. பிழிந்த தண்ணீரைக் கீழே ஊத்திடாதீங்க. 10 நிமிஷம் அசைக்காம வைங்க. அடியில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு படிவு தங்கும். அது உருளையின் மாவுச்சத்து. மேல இருக்கும் தண்ணியை மட்டும் மெதுவாக வடிச்சுட்டு, அந்த மாவைச் சுரண்டி, துருவலோட சேருங்க. அடை உடையாமல் பிடிச்சு நிக்கவும், மேலே மொறுமொறுப்பு வரவும் இதுதான் உதவும்.

5. கடாயில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் ஊற்றிச் சூடாக்குங்க. அதுக்கப்புறம்தான் துருவலில் முட்டை, அரிசி மாவு, மிளகுத்தூள், உப்பு சேர்த்துக் கலக்கணும். உப்பை முன்னாடியே போட்டா மறுபடியும் தண்ணி விட ஆரம்பிச்சிடும்.

6. ஒரே ஒரு இழையை எண்ணெயில் போட்டுப் பாருங்க. உடனே நுரைச்சு மேல வந்தா சூடு சரி. அடியிலேயே கிடந்தா இன்னும் காயணும். 10 விநாடியில் பழுப்பானா சூடு அதிகம், கொஞ்சம் குறைங்க.

7. ஒரு குழிக்கரண்டி அளவு எடுத்து எண்ணெயில் வெச்சு, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டையாக்குங்க. ஓரம் ஒழுங்கா வட்டமா வரணும்னு அவசியமில்லை. பிசிறு பிசிறாக இருந்தாதான் நல்லது. ஒரு தடவைக்கு 3 அல்லது 4-க்கு மேல போடாதீங்க. கூட்டம் சேர்ந்தா எண்ணெயின் சூடு இறங்கிடும்.

8. மிதமான தீயில் 3 முதல் 4 நிமிஷம். ஓரம் பொன்னிறமானதும் ஒரே ஒருமுறை திருப்பிப்போடுங்க. அந்தப் பக்கமும் 3 நிமிஷம். சடசடன்னு கொதிக்கும் சத்தம் அடங்க ஆரம்பிச்சா, ஈரம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

9. ஜல்லிக்கரண்டியால் எடுத்து, கம்பி வலை மேல அல்லது வடிதட்டில் வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. ஆவி கீழே உள்ளதை நமத்துப்போகச் செஞ்சிடும்.

நிறம் பொன்னிறத்தோடு நிக்கட்டும். மாவுச்சத்துள்ள பொருளை அதிக சூட்டில் கரும்பழுப்பாகும் வரை பொரித்தால் ‘அக்ரிலமைடு’ என்ற வேண்டாத வேதிப்பொருள் அதிகமாக உருவாகும். ‘நல்லா செவக்கட்டும்’னு விடறது ருசிக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது.

வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட மாட்டீங்களா?

கவலையே வேண்டாம். முட்டையை விட்டுட்டு, அரிசி மாவை 3 டேபிள்ஸ்பூனாகக் கூட்டுங்க. அடியில் தங்கின மாவுச்சத்தைச் சேர்க்க மறக்காதீங்க. அடையைக் கொஞ்சம் சின்னதாகத் தட்டி, முதல் பக்கம் நல்லா பிடிச்ச பிறகே திருப்புங்க. அவசரப்பட்டா பிஞ்சுடும்.

கிருஷ்ணகிரின்னா கேழ்வரகு இல்லாமலா? ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவுக்குப் பதிலா கேழ்வரகு மாவு சேர்க்கலாம். வாசனை அருமையா இருக்கும். ஆனா, நிறம் கறுப்பாகத் தெரியும். அதனால நிறத்தைப் பார்க்காம சத்தத்தைக் கேட்டு எடுங்க.

தொட்டுக்க என்ன?

யூதர்கள் ஆப்பிள் கூழ் அல்லது புளிப்பு க்ரீமோட சாப்பிடுவாங்க. இறைச்சியையும் பால் பொருளையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது என்பது அவர்களின் உணவு நெறி. அதனால கறி விருந்தில் ஆப்பிள் கூழ்தான் வரும்.

நம்மகிட்ட அதைவிட நல்ல சாய்ஸ் இருக்கு. கிருஷ்ணகிரி மாங்கூழுக்குப் பேர்போன ஊர். கால் கப் மாங்கூழில் ஒரு சிட்டிகை உப்பு, மிளகாய்த்தூள், சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தா ஆப்பிள் கூழ் பக்கத்துலயே வர முடியாது. புளிப்பு க்ரீமுக்குப் பதிலா, துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர். சூளகிரி பக்கத்துப் புதினா, கொத்தமல்லியில் அரைச்ச சட்னியும், ராயக்கோட்டைத் தக்காளியில் தொக்கும் தாராளமா செட் ஆகும்.

சொதப்பினா என்ன காரணம்?

* எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு போச்சு: மாவுச்சத்தைச் சேர்க்கலை, இல்லைன்னா எண்ணெய் காயலை.
* வெளியே கருகல், உள்ளே பச்சை: தீ அதிகம், அடையும் தடிமன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம்.
* எண்ணெய் சொட்டுது: ஒரேயடியாக நிறைய போட்டிருப்பீங்க. சூடு இறங்கியிருக்கும்.
* முதல் ஈடு சூப்பர், மூணாவது ஈடு தொளதொள: கலவை நிக்க நிக்கத் தண்ணி விடும். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தை லேசாகச் சாய்ச்சு, கையால் பிழிஞ்சு எடுத்துப் போடுங்க.
* கலவை சாம்பல் நிறமாகிடுச்சு: ராத்திரியே கலந்து வெச்சா இப்படித்தான் ஆகும். அன்றைக்குக் கலக்கினதை அன்றைக்கே பொரிச்சிடுங்க.

ஷிஃப்ட்டுக்கு டிபன் பாக்ஸில் கட்டலாமா?

கட்டலாம். முழுசா ஆறின பிறகு மூடணும். சூட்டோட மூடினா, நீங்க கஷ்டப்பட்டு வெளியேத்தின தண்ணி ஆவியாகித் திரும்ப அடைக்குள்ளயே போயிடும். கொஞ்சம் முன்னாடியே எடுத்து, ஆறவெச்சு, ஃப்ரிட்ஜில் வெச்சா மறுநாள் வரை தாங்கும். சாப்பிடும் முன்னாடி, எண்ணெய் ஊத்தாம தோசைக்கல்லில் பக்கத்துக்கு 2 நிமிஷம் வாட்டினா மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், நமத்துப்போயிடும்.

எண்ணெய் விஷயத்தில் விளையாட வேண்டாம்

தூக்கக் கலக்கத்தில், சின்ன ரூமில், கொதிக்கிற எண்ணெயோட நிக்கறீங்க. அதனால இதைக் கட்டாயம் படிங்க.

* அடி தட்டையான, ஆடாத கடாயை மட்டும் பயன்படுத்துங்க. எண்ணெய் பாதிக்கு மேல வேண்டாம்.
* ஈரக்கையோட அடையைப் போடாதீங்க. உங்க பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்ச்சு விடுங்க. தெறிச்சாலும் உங்கமேல படாது.
* எண்ணெய் புகைய ஆரம்பிச்சா உடனே அடுப்பை அணைங்க. தீப்பிடிச்சா, தண்ணி ஊத்தவே கூடாது. ஊத்தினா தீ மேலெழும்பிப் பரவும். அடுப்பை அணைச்சு, தட்டையோ மூடியையோ மேலே கவிழ்த்து மூடுங்க. கடாயைத் தூக்கிட்டு ஓடாதீங்க. ஆறும்வரை மூடியைத் திறக்கவும் வேண்டாம்.
* மிச்ச எண்ணெயை ஆறவெச்சு, வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தி முடிச்சிடுங்க. திரும்பத் திரும்பப் பொரிச்சா எண்ணெய் கெட்டுப்போய், ‘போலார் காம்பவுண்ட்’ எனும் கழிவுப்பொருள்கள் சேரும். அது 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் வந்தாலே அதோட ஆயுள் முடிஞ்சதுன்னு எடுத்துக்கோங்க.

போனஸ்: கொல்கத்தாவின் ஆலு மகல்லா

லீவு நாளில் ட்ரை பண்ணுங்க. ஒரே அளவிலான 8 சின்ன உருளையைத் தோல் சீவுங்க. உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் கொதி வந்ததும் 5 நிமிஷம் மட்டும் வேகவிட்டு வடிங்க. துணியால் ஒத்தி, நல்லா உலரவிடுங்க. முள்கரண்டியால் ரெண்டு மூணு இடத்தில் குத்துங்க.

பிறகு கடாயில் உருளையை அடுக்கி, மூழ்கும் அளவு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் வைங்க. எண்ணெய் கொதிச்சதும் தீயை நல்லா குறைச்சு, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை விடுங்க. அடுப்பை விட்டு நகராதீங்க, அப்பப்போ மெதுவாகத் திருப்பி விடுங்க. கடைசி 3 நிமிஷம் மட்டும் தீயைக் கூட்டினா, மேல்தோல் பொன்னிறத்தில் இறுகிடும். இங்கேயும் அதே கணக்குதான். லாட்கேவில் கையால் பிழிஞ்சு எடுத்த தண்ணியை, இங்கே நிதானமான தீ வெளியேத்துது.

ஐரோப்பாவில் டிசம்பர் குளிரில் செய்தாங்க. கொல்கத்தாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி செய்தாங்க. உங்களுக்கும் வெள்ளிக்கிழமை சந்தை இருக்கு, கிழங்கும் இருக்கு. இந்த வாரம் அரை கிலோ கூடுதலாகவே வாங்குங்க. முதல் ஈடு தட்டுக்கு வரும்போது பக்கத்து ரூம் கதவும் திறக்கும்!